ஒன்றரை முழ ஹோஸ்

ஏழு மாதமாக அந்த ஹோஸ் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தது. ஒன்றரை முழ நீளம், கட்டைவிரல் பருமன், கறுப்பு ரப்பர். அன்றைக்கே தூக்கிப் போட்டிருந்தால் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். மெக்கானிக்குக்கு அதைத் தூக்கிப் போடக் கை வரவில்லை. டப்பாவைத் திறந்து பார்க்க மனசும் வரவில்லை. பட்டறை அலமாரியின் கடைசித் தட்டில், பழைய பேரிங்குகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்க்கப் பழகிக்கொண்டான். ஸ்பேனர் அங்கே இருந்தால்கூட வேறு ஸ்பேனரை வைத்துச் சமாளிப்பான்.

வண்டிக்காரர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘இப்போதைக்கு’. எந்த வண்டி வந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். இப்போதைக்கு இந்த போல்ட்டைப் போட்டு ஓட்டுங்க, சரியானது வந்ததும் மாத்தித் தரேன். இப்போதைக்கு இந்தக் கம்பியால கட்டிவிடறேன், அடுத்த வாரம் பாத்துக்கலாம். ஏமாற்றுக்காரன் இல்லை. பத்துக்கு எட்டு வண்டியில் சொன்னபடி மாற்றியும் கொடுத்துவிடுவான். மீதி இரண்டு, அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடியதைத் தன் கைராசி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததுதான் வினை.

அவனுடைய அக்காவின் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பூப்பாதம். பஸ் ஏறாத மலைப்பாதையில் ஜீப்பில் ஆளும் சரக்கும் ஏற்றி இறக்குவது அவர் தொழில். முப்பது வருஷமாக அந்தப் பாதையில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. அவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்குகிறவர்களுக்கு வண்டி நின்றதே தெரியாது, வீடு வந்த பிறகும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை அவரை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால், ‘அட போங்கப்பா’ என்பார். ஆனால் முகம் மலர்ந்துவிடும்.

ஜீப்பில் இருந்தது பெட்ரோல் இன்ஜின். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்துக்கொண்டிருந்த அது, ஒருநாள் ஏற்றத்தில் மேல்மூடியான ஹெட்டில் விரிசல் விட்டு உட்கார்ந்துவிட்டது. வண்டியை மாற்ற அத்தானுக்கு மனசில்லை. உடைக்கப் போட்டிருந்த ஒரு சரக்கு வேனின் டீசல் இன்ஜினை இறக்கி இதில் ஏற்றலாம் என்று யோசனை சொன்னவன் மெக்கானிக்தான். நாற்பது நாள் வேலை. கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒன்றோடொன்று சேராமல் முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் வைக்க அரை அங்குல இரும்புத் தகட்டை லேத்தில் வெட்டி, ஒரு நூலிழை தப்பிப்போய், மறுபடியும் வெட்டினார்கள். புது இன்ஜின் நாலு விரற்கடை கூடுதல் நீளம் என்பதால் ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அடிப்பாகம் முன் அச்சில் இடித்ததால் இன்ஜினைச் சற்றுத் தூக்கி உட்கார வைத்தான். தூக்கியதும் பானெட் மூடவில்லை. பெட்ரோல் வாடை போகுமட்டும் டேங்கை மூன்று தடவை கழுவினான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வாயைத் திறந்தது. ஆனாலும் அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையையும் செய்ததில்லை.

சாயங்காலமானால் அத்தான் ஒரு பழைய டயரின்மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். பொண்ணு பார்க்க வந்தவர்போல இன்ஜினையே பார்த்துக்கொண்டிருப்பார். அது முதல் தடவை உறுமிக் கிளம்பிய அன்று பட்டறை முழுக்கக் கரும்புகை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற அக்கா, வண்டி பண்ணச் சொன்னால் செங்கல் சூளை பண்ணி வைத்திருக்கிறீர்களே என்று கேட்டாள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பாதிப் புகையால், பாதிச் சிரிப்பால்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியது அந்த ஹோஸ் ஒன்றுதான். பிரேக் பெடலுக்கு முன்னால் பூஸ்டர் என்று வட்டமாக ஒரு டப்பா இருக்கும். அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான், காலை லேசாக வைத்தாலே பிரேக் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜின் அந்தக் காற்றைத் தானே உறிஞ்சிவிடும். டீசல் இன்ஜின் உறிஞ்சாது. அதற்கென்று பக்கத்தில் ஒரு சின்ன பம்ப் ஓடும். பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவில் போடும் ஹோஸ் தடித்த சுவரோடு, உள்ளே நூல் பின்னி, எவ்வளவு உறிஞ்சினாலும் ஒட்டிப்போகாததாக இருக்க வேண்டும். வேனில் இருந்த ஹோஸை உடைக்கிற கடைக்காரன் பாதியில் அறுத்துவிட்டிருந்தான். புதியது வர இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள். டீசல் போகிற சாதாரண ஹோஸ் ஒரு சுருள் பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதில் ஒன்றரை முழம் வெட்டி மாட்டினான். பட்டறையைச் சுற்றி நாலு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிரேக் பஞ்சுபோல இறங்கியது.

மேலே சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று அத்தான் செவ்வாய்க்கிழமையே வண்டியைக் கேட்டார். இப்போதைக்கு ஓட்டுங்க அத்தான் என்று சாவியைக் கொடுத்தான். எதனால் இப்போதைக்கு என்று சொல்லவில்லை. சொன்னால் வேலை முடியவில்லை என்று ஆகிவிடும். நாற்பது நாள் உழைப்பின் கடைசியில் அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சரியான ஹோஸ் வியாழக்கிழமை வந்து ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமை அத்தான் பட்டறைக்கே வந்து, டீ குடித்து, வண்டியின் இழுவையை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்தால் ஐந்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தபடியே பேசி அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை, மேலே உள்ள பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டு அக்காவும் அதே வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. சுவர் இருந்ததால் உயிர் பிழைத்தார்கள். கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் சிக்கிய அக்காவின் இடது முழங்கை மூன்று துண்டானது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்தான். ஹோஸின் நடுப்பகுதி தட்டையாகிக் கிடந்தது. சைலன்சர் குழாயின் சூட்டில் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பம்ப் உறிஞ்சிய உறிஞ்சலில் உட்சுவர் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. பட்டறையைச் சுற்றிய நாலு சுற்றில் சூடேறவில்லை, அதனால் தெரியவில்லை. நீண்ட இறக்கத்தில் சூடேறிவிட்டது. அதன் பிறகு பூஸ்டரில் மிச்சம் இருந்த உறிஞ்சல் இரண்டு மிதிக்குத்தான் வந்திருக்கும். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகியிருக்கும்.

அவன் கை அப்போது ஒரு காரியம் செய்தது. ஆணியில் தொங்கிய புது ஹோஸை எடுத்து, இரண்டு கிளாம்பைத் தளர்த்தி, பழையதைப் பிடுங்கி, புதியதை மாட்டி முடுக்கிவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஆகாத வேலை அன்றைக்கு எவ்வளவு சுருக்காக முடிந்தது பாருங்கள். திங்கட்கிழமை வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கை மிதித்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, பிரேக் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி நடையில் அத்தான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மாப்ளே, மறைக்காம சொல்லு. வண்டில ஏதாவது கோளாறா? நான் அமுக்கினேன்டா. உயிரைக் குடுத்து அமுக்கினேன். இறங்கவே இல்ல.”

“வண்டில ஒண்ணும் இல்ல அத்தான்.”

அந்தப் பதிலை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது. வண்டியில் ஒன்றுமில்லை என்றால் காலில்தான் ஏதோ இருக்கிறது.

அதிலிருந்து அவர் தன் வலது காலையே சந்தேகப்பட ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் தொடையிலிருந்து கணுக்கால் வரை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்பார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாததற்கு மருந்து ஏது? இரண்டு மாதத்தில் அந்தக் காலை லேசாக இழுத்து நடக்க ஆரம்பித்தார். நாலாவது மாதம் ஊன்றுகோல் வந்தது. வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. மலைக்குச் சரக்கு வேறு வண்டியில் போனது. அக்காவின் இடது கை மேலே எழும்பவில்லை. தையல் மெஷினில் துணியைப் பிடிக்க முடிந்தது, தலை பின்ன முடியவில்லை. அதனால் அத்தான்தான் தினமும் அவளுக்குப் பின்னிவிட்டார். பெரிய விரல்களால் தப்பும் தவறுமாகப் பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னுவார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷனால் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது என்று கேட்கலாம். மெக்கானிக்கும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் வாரம், அக்காவுக்கு ஆபரேஷன் முடியட்டும் என்று இருந்தான். பிறகு கட்டுப் பிரிக்கட்டும் என்று இருந்தான். அதற்கும் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது நாளுக்கு நாள் பெருத்தது. குற்ற உணர்ச்சி தாங்காத நாட்களில் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். ஒருநாள் கால்வலித் தைலம் வாங்கிப் போனான். தானே மண்டியிட்டு உட்கார்ந்து அத்தான் காலில் அதைத் தேய்த்தும் விட்டான். ஒரு குறையும் இல்லாத கால் அது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் சுகமாக இருக்கிறது மாப்ளே என்றார். அன்று வீட்டுக்குப் போனவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஏழாவது மாதம் ஒருநாள் காலையில் அக்கா பட்டறைக்கு வந்தாள். அவள் வந்தால் முதலில் பட்டறையின் அழுக்கைத்தான் திட்டுவாள். அன்றைக்குத் திட்டவில்லை. ஜீப்பை விற்கப் பேசியாகிவிட்டது, ஒரு தோட்டக்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார் என்றாள். அதுகூடப் பரவாயில்லை. அத்தானின் ஓட்டுநர் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம் என்றுவிட்டாராம். நேற்று தெருவில் ஒரு கார் சத்தம் கேட்டதும் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டு, எவனாவது என்னை மாதிரி ஓட்டிட்டு வருவான் என்றாராம்.

“நீ வந்து ஏதாவது சொல்லு தம்பி. நீ சொன்னா கேப்பாரு. வண்டிலதான் கோளாறுன்னு சொல்லேன். பொய்தான், இருந்துட்டுப் போகட்டும். என் தலையில அடிச்சு சத்தியம் பண்றதுன்னாலும் பண்ணு. எனக்கு அந்த மனுஷன் பழையபடி வேணும்.”

மெக்கானிக் கையில் இருந்த துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். சொல்கிறேன் அக்கா என்றான்.

அன்று சாயங்காலமே போனான். அத்தான் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மெக்கானிக் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஹோஸ் மாற்றி மாட்டியது, சரியானது வந்தும் மாட்டாமல் விட்டது, விபத்துக்குப் பிறகு கழற்றி ஒளித்தது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். முடித்துவிட்டு, அடி விழும் என்றோ வசை விழும் என்றோ காத்துக்கொண்டு நின்றான்.

அத்தான் பின்னலின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினார். பிறகு அக்காவைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

“இவனைப் போய்ப் பாத்துட்டு வந்தியாக்கும்?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தானுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். எழுந்து வந்து மெக்கானிக்கின் முதுகில் கை வைத்தார்.

“உன் வேலை எனக்குத் தெரியாதா மாப்ளே. ஆய்வாளர் என் கண்ணு முன்னாடி மிதிச்சுப் பாத்தாரு. எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காதே. வயசாச்சு, கால் போச்சு, அவ்வளவுதான்.”

டப்பாவைக் கொண்டுவந்து ஹோஸைக் காட்டட்டுமா என்று கேட்டான். பழைய ஹோஸுக்கா உன் பட்டறையில் பஞ்சம் என்றார் அத்தான். வாசல்வரை வழியனுப்ப வந்த அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தத்ரூபமாகச் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை, உன்னை மாதிரி ஒரு தம்பி யாருக்கும் கிடைக்கமாட்டான் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருவில் நடக்கும்போது மெக்கானிக்குக்கு ஒரு கேவலமான நிம்மதி வந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. நம்பாதது அவர்கள் பாடு. இதற்குமேல் யார் என்ன செய்ய முடியும்? தெருமுனை திரும்புவதற்குள் அந்த நிம்மதி காறித் துப்பியதுபோல் ஆகிவிட்டது. தப்பு செய்தவனுக்குத் திட்டு விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம். பாராட்டு விழுந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அத்தானுக்கு வாய்ச்சொல் உதவாது என்று அவனுக்குப் புரிந்தது. அவர் முப்பது வருஷம் நம்பியது தன் காலை. அந்தக் கால்தான் அவருக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். ஹோஸ் உருண்டையாக, ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் நடுவில் இரண்டு பக்கமும் மடிந்த கோடு தெரிந்தது. அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை உருவினான். நாளைக்கு வண்டி கைமாறுகிறது, கொடுக்கும் முன் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாங்கினான். பானெட்டுக்குள் குனிந்து நல்ல ஹோஸைக் கழற்றிப் பழையதை மாட்டினான். கழற்றியதை இருக்கைக்கு அடியில் திணித்து வைத்தான். பிறகு தனியாக அரை மணி நேரம் ஓட்டினான், பிரேக்கைத் தொடாமல், கியரிலேயே வேகத்தைக் குறைத்து. பானெட்டிலிருந்து அனல் அடிக்கும் வரை ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை.

மைதானத்தில் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வழியனுப்புங்கள் என்று கேட்டான். அத்தான் முடியாது என்றார். அவர் குரலே மாறிவிட்டது. சமதரை, இரண்டாவது கியருக்குமேல் வேண்டாம், கை பிரேக் என் கையிலேயே இருக்கும் என்றான். முப்பது வருஷம் சோறு போட்ட வண்டி என்று அக்காவும் சொன்னாள். அத்தான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அக்கா பின்னால் நடந்தே வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை.

மைதானம் காலியாக இருந்தது. இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அத்தானின் கை தானாகப் பழைய இடத்தில் பதிந்தது. கால் மட்டும் நடுங்கியது. வண்டி நகர்ந்தது. பாதி மைதானம் தாண்டியதும் பிரேக் போடச் சொன்னான். பூப்பாதம் பிரேக் போட்டது. அழகாக நின்றது. மறுபடியும் எடுத்து, மறுபடியும் போட்டார். இந்தத் தடவை சற்றுக் கனமாக இறங்கியது. அவர் புருவம் சுருங்கியது. மூன்றாவது தடவை காலை வைத்தவர் அப்படியே விறைத்துப்போனார். பெடல் இறங்கவில்லை. எழுந்து நிற்பதுபோல அமுக்கினார். வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. மெக்கானிக் கை பிரேக்கை இழுத்து நிறுத்தினான்.

அத்தான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதேதான்,” என்றார். “அன்னிக்கு இதேதான்.”

மெக்கானிக் இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் ஊன்றுகோலை எடுக்க மறந்து இறங்கி வந்தார். ஹோஸ் நடுவில் சப்பையாக ஒட்டிக்கிடந்தது, பொக்கை வாய்க்காரர் கன்னம்போல. துணியைச் சுற்றிப் பிடித்து அதன் ஒரு முனையை உருவினான். புஸ்ஸென்று காற்று உள்ளே போக, அது மெல்ல உப்பிப் பழையபடி உருண்டையானது.

முதலில் அத்தானுக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. அவர் தன் வலது காலால் தரையை ஓங்கி உதைத்தார். இன்னொரு தடவை உதைத்தார். தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். எதிரே வந்துகொண்டிருந்த அக்காவை நோக்கி, “என் கால் இல்லடி, என் கால் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார். இழுக்காமல் நடந்தார். ஊன்றுகோல் வண்டிக்குள்ளேயே கிடந்தது. மெக்கானிக் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

இருவரும் திரும்பி வரும்போது அத்தானின் நடை மெதுவாகியிருந்தது. வரும் வழியிலேயே மீதியையும் யோசித்து முடித்துவிட்டார் என்று அந்த நடையே சொன்னது. எதிரே வந்து நின்றார்.

“அப்ப நீ அன்னிக்கு வந்து சொன்னது நிஜம்.”

மெக்கானிக் தலையாட்டினான்.

“ஏழு மாசம். உன்னால என்னைப் பாத்துக்கிட்டு இருக்க முடிஞ்சுது.” குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். “என் கால்ல உட்காந்து தைலம் தேச்சியே மாப்ளே.”

அவன் அவர் காலில் விழப் போனான். அத்தான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கத்தியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அக்கா தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வெறும் களைப்புதான் இருந்தது.

“உன்கிட்டப் போய் எனக்காக ஒரு பொய் சொல்லுன்னு கேட்டேனே தம்பி,” என்றாள்.

அத்தான் இன்ஜினை அணைத்துவிட்டு, நல்ல ஹோஸ் எங்கே என்று கேட்டார். அவன் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்தான். மாட்டு என்றார். டயர்மேல் உட்கார்ந்து சந்தோஷமாக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், இப்போது தலைமாட்டில் நின்று ஒவ்வொரு திருகையும் பார்த்தார். இரண்டு கிளாம்பையும் தானே ஒரு தடவை முடுக்கிப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே பிரேக்கை ஆறேழு தடவை மிதித்தார். ஒவ்வொரு தடவையும் அது பஞ்சாய் இறங்கியது.

பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் சிறிது தயங்கினாள். வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, முன்சீட்டில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, அதை எடுத்து வெளியே தரையில் இறக்கிப் போட்டாள். பின்சீட்டில் ஆறு பேருக்கு இடம் இருந்தது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பிப் போனது. மெக்கானிக் கையில் பழைய ஹோஸோடு பார்த்துக்கொண்டு நின்றான். மைதானத்தின் விளிம்பில், தெருவுக்கு ஏறும் இடத்தில், பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்து ஜீப் நின்றது. தனக்காகத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பத்தடி ஓடியிருப்பான். விளக்கு அணைந்தது. ஜீப் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடியும் விளக்கு எரிந்தது, மறுபடியும் நின்றது. அப்போதுதான் புரிந்தது. அத்தான் தெருவில் ஏறுவதற்கு முன் பிரேக்கைச் சரிபார்க்கிறார். அவன் மாட்டிய எதையும் இனிமேல் அவர் சரிபார்க்காமல் எடுக்கமாட்டார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, அவர் தெருவில் ஏறித் திரும்பி, அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.